பத்தாவது ஆள்

கல்முனையில் ஒரு வாடகை வீட்டில் நடந்த முதியோர் இல்லத்துக்கு மக்கீன்தான் செயலாளர். முப்பது வருடம் அரசாங்க எழுதுவினைஞராக இருந்து, ஒரு கையொப்பம் குறைந்தாலும் ஏழைகளின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இந்த வேலையில் இறங்கியதாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

எண்பத்து நான்காம் ஆண்டு, இல்லத்துக்கு அரசாங்க உதவித்தொகை கேட்டு எழுதினார். குறைந்தது பத்துப் பேர் தங்கியிருக்க வேண்டும், அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. சரியாகப் பத்துப் பேர் இருந்தார்கள். அதிகாரி வரவிருந்த அன்று காலையில், பக்கீர் முகைதீனை அவருடைய மகள் வந்து அழுது கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாளைக்கு வந்து அழுதிருக்கக் கூடாதா என்று நினைத்துவிட்டு, மக்கீன் தன்னையே நொந்துகொண்டார்.

"காக்கா, அந்தக் கட்டில்ல நீங்க படுங்களன்," என்றாள் சமைத்துப் போடும் சபூறா. அண்ணன் முறை வைத்து அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"என்னப் பாத்தா கிழவன் மாதிரியா இரிக்கி புள்ள?"

அவள் கட்டில் விரிப்பை உதறிப் போட்டாள். வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. மக்கீன் ஓடிப்போய்ப் படுத்து, போர்வையை நாடிவரை இழுத்துக்கொண்டார்.

அதிகாரி புண்ணியமூர்த்தி கட்டில் கட்டிலாக வந்து, கடைசியில் அவரிடம் பெயர் கேட்டார்.

"பக்கீர்..." என்றார் மக்கீன். மிச்சம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்தார்.

"சேர், நான் மக்கீன். இங்கத்தைய செயலாளர். ஆள் குறைஞ்சதால படுத்தன்."

அதிகாரி கோபிக்கவில்லை. "வயசு?"

"அறுபத்திமூணு."

"எங்க இருக்கிறீங்க?"

"பொஞ்சாதி மௌத்தாப் போனதில இருந்து இங்கதான்."

"சாப்பாடு?"

"அதுவும் இங்கதான்."

"பிரஷர் குளிசையும் நான்தான் எடுத்துக் குடுக்கன் சேர். இல்லாட்டி மறந்திருவார். உப்பக் குறைக்கச் சொன்னாத்தான் கேக்க மாட்டார்," என்றாள் சபூறா.

"அப்ப பத்துப் பேர் சரிதானே? உங்கட பேரையே எழுதுங்க."

மற்றவர்களுக்கு நிழல் கொடுக்கும் மரம் என்றே இத்தனை நாளும் தன்னை நினைத்திருந்தார் மக்கீன். பிறருடைய படிவங்களில் ஆயிரம் பிழை பிடித்த கை, தன் பெயரையே இரண்டு தடவை பிழையாக எழுதி வெட்டியது.

மூன்றாம் மாதம் உதவித்தொகை வந்தது. அன்று பகல் அவருடைய கறியில் உப்பே இல்லை.

"நான் செயலாளர் புள்ள!" என்று சத்தம் போட்டார்.

"செயலாளருக்கு உப்புப் போடலாம் காக்கா," என்றாள் சபூறா. "பத்தாவது ஆளுக்குப் போட ஏலாது."

மக்கீன் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.