அவர் குரல்தான் வேண்டுமாம்

"கண்டக்டரம்மாவுக்கு விசில் ஒரு கேடா?" என்று டிப்போவில் கேலி செய்வார்கள். படிக்கட்டில் நின்றுகொண்டு "போலாம்!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் அவருடைய பஸ் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற பஸ்ஸும் கிளம்பிவிடும். பத்தொன்பது வருஷ சர்வீஸ். சீட்டுக்குச் சண்டை போட்டவர்கள், படியில் தொங்கியவர்கள், குடித்துவிட்டு ஏறியவர்கள் என்று அத்தனை பேரையும் குரலாலேயே அடக்கியவர். அவருக்கு வாய்த்த வீட்டுக்காரருக்கோ பிறந்ததிலிருந்து காது கேட்காது. இதில் பரிதாபப்பட ஒன்றுமில்லை. "நான் கத்தினா தாங்குற ஒரே ஆம்பிளை இவர்தான்" என்று கண்டக்டரம்மாவே சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்காரருக்கு மோட்டார் பட்டறை. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் புதுக் காயில் சுற்றிக் கொடுப்பார். ஓடுகிற மோட்டார் மேல் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்தால் போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். பட்டறையில் அவர் பேச்செல்லாம் விரல் கணக்குதான்: எத்தனை நாள், எவ்வளவு. ஆனால் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அந்தக் கைகளுக்கு ஓய்வே கிடையாது. சாப்பிடும்போதுகூடச் சோற்றுக் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்வார், பருக்கை சுவரெல்லாம் தெறிக்கும். தெருவுக்குப் போனால் கை பாக்கெட்டுக்குள் போய்விடும். யாராவது பார்த்தால், பார்த்துச் சிரித்தால், அவருக்கு ஆகாது.

அவருக்குக் குரல் இல்லை என்று நினைக்க வேண்டாம். இருக்கிறது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலைக் கேட்டு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாவதோடு படிப்பும் போயிற்று, வெளியே குரல் காட்டுவதும் போயிற்று. அதன் பிறகு அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர், மனைவியும் மகளும். மகளைக் கூப்பிட மட்டும் அது வெளியே வரும். பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அது "பாபா" என்று அடித்தொண்டையிலிருந்து, அளவு தெரியாமல், பெரிதாக வரும். அடுத்த அறையிலிருந்து அவள் ஓடி வருவாள்.

அந்தப் பாப்பா அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து காயில் சுற்றிச் சுற்றியே மோட்டார் பைத்தியமாகி, இப்போது தொலைதூரத்தில் ஒரு துறைமுக ஊரில் கப்பல் இஞ்சினுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். படிப்பு என்றால் சிறைச்சாலை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து நாலரை வரை மட்டும்தான் கையில் போன் கொடுப்பார்கள். அம்மாவிடம் பேச ஐந்து நிமிஷம் போதும். அப்பாவிடம் பேச வேண்டுமென்றால் படம் வேண்டும், படம் தெளிவாக வேண்டும். இரண்டு கையும் முகமும் தெரிந்தால்தானே அது பேச்சு? எழுதி அனுப்பலாமே என்பார்கள். மூன்றாவது படித்தவருக்கு எழுத்துக்கூட்டி நாலு வரி படிப்பதற்குள் ஒரு மோட்டாரே சுற்றி முடித்துவிடலாம்.

அதற்காகத்தான் வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கினார்கள். வீடு மூன்று மாடிக் கட்டடத்தின் பின்பக்கம், சுவரோடு சுவராக. செல்போனில் சிக்னல் ஒரு கோடு காட்டினால் பெரிய விஷயம். அந்தப் பக்கத்துக்குக் கம்பி இழுத்திருப்பது ஒரே ஒரு போன் கம்பெனிதான். விண்ணப்பத்தில் பெயர் கேட்டபோது கண்டக்டரம்மா பெருமையோடு சொன்னார்: "அவர் பேர்ல போடுங்க. வீட்ல பேசுற லைன் அவர் பேர்ல இருக்கட்டும்." சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தால் அவருக்கே அறையத் தோன்றுகிறது.

முதல் இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் கை பாதிப் பேச்சில் அப்படியே நின்றுவிட்டது. முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. இந்தப் பக்கம் அப்பாவின் கைகளும் காற்றில் நின்றன, அவள் முடிக்கட்டும் என்று. பச்சை வட்டம் சுற்றியது, சுற்றியது, நாலரை ஆகிவிட்டது. மறு ஞாயிறும் அதே கதை. மூன்றாவது ஞாயிறு போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், கண்டக்டரம்மா பிடித்துக்கொள்ள, அவர் பேசிப் பார்த்தார். அங்கேயும் படம் நொண்டியது. சைக்கிளை நிறுத்திவிட்டு நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள், ஒருத்தன் கையை ஆட்டிப் பழிப்புக் காட்டினான். அவ்வளவுதான், கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

கண்டக்டரம்மா டிப்போவிலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டார். இருபது நிமிஷப் பாட்டுக்குப் பிறகு ஒரு பையன் லைனில் வந்தான்.

"லைன் யார் பேர்ல இருக்கு மேடம்?"

"என் வீட்டுக்காரர் பேர்ல."

"அப்ப சாரைப் பேசச் சொல்லுங்க."

"அவருக்குக் காது கேக்காதுப்பா. பேச்சும் வராது."

"புரியுது மேடம். ஒரே ஒரு நிமிஷம் சாரை லைன்ல வந்து 'ஆமா'ன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

புரியுதாம்! என்ன மண்ணாங்கட்டி புரிந்தது? கண்டக்டரம்மா போட்ட சத்தத்தில் டிப்போ பூனை எழுந்து ஓடியது. ஒருவழியாகப் புகார் என்று எதையோ பதிந்துகொண்டு ஓர் ஆளை அனுப்பினார்கள். அவன் இன்டர்நெட் பெட்டியில் எரிகிற பச்சை விளக்கைப் பார்த்தான். வீட்டுக்காரர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, "கொதிக்குது, உள்ளே ஏதோ தீய்ஞ்சிருக்கு" என்று கையால் காட்டினார். வந்தவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. "பேசுறதுக்கு இந்த ஸ்பீடு தாராளம்மா. படம் எதுக்கு, குரல் நல்லா வருதுல்ல?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கு மேல் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். புகார் தீர்ந்ததா என்று கேட்கக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. யாருக்கு? காது கேட்காத மனுஷனுக்கு! பட்டறையில் போன் அதிர்ந்தது, எடுத்தார், திரையைப் பார்த்தார், படம் எதுவும் வரவில்லை, வைத்துவிட்டார். சாயங்காலம் செய்தி வந்தது: வாடிக்கையாளர் மறுப்பு எதுவும் தெரிவிக்காததால் புகார் முடித்துவைக்கப்பட்டது. மூன்று முறை இப்படியே. மறுப்புத் தெரிவிக்கவில்லையாம்! சரி, என் நம்பரை மாற்றிப் போடுங்கள் என்றார் கண்டக்டரம்மா. அதற்கும் லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் குரலில் சம்மதம் வேண்டுமாம். எங்கே சுற்றினாலும் அங்கேயே கொண்டுவந்து விட்டார்கள். ஊரையே குரலால் மேய்க்கிற பெண்பிள்ளையின் குரல் அவர்களுக்கு வேண்டாம். பேசாத மனுஷன் குரல்தான் வேண்டும்.

இதற்குள் நாலாவது ஞாயிறும் போயிற்று. அன்றைக்கு அம்மாவிடம் மகள் சொன்னது: "அடுத்த ஞாயிறுதான்மா கடைசி. திங்கக்கிழமை கப்பல் ஏறிடுவேன். அங்க படம் எல்லாம் வராது, எழுத்து மட்டும்தான். ஆறு மாசம். எப்படியாவது அப்பாவைப் பாக்கணும்மா." கண்டக்டரம்மா அதைக் கணவரிடம் கையால் சொன்னார். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை டியூட்டி முடிந்ததும் கண்டக்டரம்மா டிரைவரைப் பிடித்தார். பன்னிரண்டு வருஷமாக ஒரே பஸ், கூடப்பிறந்த அண்ணன் மாதிரி.

"அண்ணே, அவர் மாதிரி நீங்க பேசிடுங்க. 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை. குரலுக்குக் குரல் ஆச்சு."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"காது கேக்காதவரைப் போன்ல கூப்பிடறவன்கிட்ட என்னண்ணே உண்மை?"

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆயுசில் காட்டாத பணிவோடு, "ஆமாங்க, நான்தாங்க" என்றார். எல்லாம் நன்றாகத்தான் போனது. "பிறந்த தேதி சொல்லுங்க சார்" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். வருஷா வருஷம் கண் பரிசோதனையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், கேட்டதும் தன்னுடைய தேதியையே ஒப்பித்துவிட்டது. பத்தாவது நிமிஷம் செய்தி வந்தது. சந்தேகத்துக்குரிய குரலாம். பாதுகாப்புக்காக இணைப்பு நிறுத்தப்படுகிறதாம். உரிமையாளர் கடைக்கு நேரில் வந்து குரலைப் பதிவு செய்ய வேண்டுமாம். நொண்டிக்கொண்டிருந்த லைனும் செத்தது. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கே புருஷனும் பெண்டாட்டியும் கம்பெனிக் கடையில் போய் நின்றார்கள். குளுகுளு அறை. ஒரு சுவர் முழுக்கத் திரை, அதில் ஓர் அருவி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே "உலகம் உங்கள் வீட்டில், ஒரே நொடியில்" என்று எழுதியிருந்தது. கையில் டோக்கனோடு நாற்பது பேர். கால் கடுக்க நின்று இவர்கள் முறை வந்தபோது மணி மூன்று நாற்பது.

டை கட்டிய மேனேஜர் ஒரு மைக்கை வீட்டுக்காரர் பக்கம் நகர்த்தி, ஓர் அட்டையையும் நீட்டி, பதிவுப் பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இதுல இருக்குறதைப் படிங்க சார். 'நான் இந்த இணைப்பின் உரிமையாளர்.'"

"அவரால முடியாது சார்" என்றார் கண்டக்டரம்மா.

மேனேஜர் குனிந்து அவர் காதருகில் கத்தினார். "சும்மா முயற்சி பண்ணுங்க சார்! ஏதாவது சத்தம் வந்தாப் போதும்! மெஷின் ஏத்துக்கும்!"

கத்தினால் கேட்குமாம்! அவர் மைக்கைப் பார்த்தார், வரிசையில் நிற்கிற நாற்பது பேரைப் பார்த்தார், கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். கழுத்து சிவந்துவிட்டது. மணி நாலாகப் பத்து நிமிஷம். கண்டக்டரம்மாவின் கண் சுவரில் விழுகிற அருவியின் மேல் போயிற்று.

"அது உங்க லைன்லதானே ஓடுது?"

"ஆமா மேடம். எங்க ஸ்பீடைக் காட்டுறதுக்கு."

"அப்ப காட்டுங்க. என் போனை அதுல போடுங்க. நாலு மணிக்கு எம்பொண்ணு வருவா. நாளைக்குக் கப்பல் ஏறுறா. ஒரு மாசமா அவளும் அவ அப்பாவும் பேசலை, உங்க தயவுல."

"அதெல்லாம் ரூல்ஸ்ல இல்ல மேடம்."

கண்டக்டரம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பஸ்ஸில் கொடுக்கிற அந்தக் குரலை எடுத்தார். "இங்க எத்தனை பேருக்கு வீட்ல நெட் ஒழுங்கா வருது? கையைத் தூக்குங்க பாக்கலாம்!"

ஒரு கையும் எழவில்லை. "போடுங்க சார், நாங்களும் அந்த ஸ்பீடைக் கண்ணால பாத்துக்கறோம்" என்றார் ஒரு பெரியவர். "போடுங்க, போடுங்க!" என்று நாற்பது டோக்கனும் சேர்ந்துகொண்டன. மேனேஜர் வேர்த்து விறுவிறுத்துப்போய், ரிமோட்டைத் தேடி எடுத்து, போனைக் கடை லைனில் சேர்த்துத் திரையோடு இணைத்தார். கண்டக்டரம்மா போனைக் கணவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

சரியாக நாலு மணிக்குச் சுவர் முழுக்க மகள் வந்தாள். நீல நிற இஞ்சின் உடுப்பு, கன்னத்தில் கொஞ்சம் கிரீஸ். முகம் எங்கேயும் சதுரமாக உடையவில்லை. "அப்பா!" என்று கை தூக்கினாள். பிறகு அவருக்குப் பின்னால் இருக்கிற கூட்டத்தைப் பார்த்து, "எங்கே இருக்கீங்கப்பா? யார் இவங்கல்லாம்?" என்று கேட்டாள்.

அவர் கை இன்னும் பாக்கெட்டுக்குள்தான் இருந்தது. ஐயோ, இங்கேயும் வாய் திறக்காமல், கை திறக்காமல் திரும்பிவிடுவாரோ? ஒரு கை வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் யார் நிறுத்துவது! சாப்பிட்டாயா, தூங்கினாயா, சூடான இஞ்சின் மேல் எடுத்ததும் கையை வைக்காதே, முதலில் புறங்கையால் பார். அவள் ஒரு சமாச்சாரம் சொன்னாள்: பரீட்சையில் இஞ்சினுக்கு என்ன கோளாறு என்று கேட்டார்களாம், எல்லாரும் காது வைத்துக் கேட்டார்களாம், இவள் மட்டும் உள்ளங்கையை வைத்துக் கண்டுபிடித்தாளாம். "எங்கப்பா கைன்னு சொன்னேன்" என்றாள். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை, டோக்கன் நம்பர் கூப்பிட்டதற்குக்கூட யாரும் போகவில்லை.

நாலரைக்கு அங்கே மணி அடித்தது. போனைக் கொடு என்று யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் ஏதோ கெஞ்சினாள். அப்பாவின் கைகள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தன. அவள் பார்க்கவில்லை. இன்னும் வேகமாகச் சொன்னார். அவள் பார்க்கவில்லை. திரை ஓரம் இருட்டத் தொடங்கியது.

"பாபா!"

அடித்தொண்டையிலிருந்து, அளவு தெரியாமல், அந்தக் குளுகுளு அறை அதிர வந்தது அந்தக் குரல். மகள் சட்டென்று திரும்பினாள். "போயிட்டு வா" என்று இரண்டு கையாலும் சொன்னார். "வரேம்பா" என்றாள். திரை போயிற்று. மறுபடி அருவி விழ ஆரம்பித்தது.

மேஜை மேல் ஏதோ கீச்சிட்டது. யாரும் அணைக்காமல் விட்ட மைக்கின் சிவப்பு விளக்கு பச்சையாகியிருந்தது. மேனேஜருக்கு முகமெல்லாம் பல். "மேடம், சார் குரல் தனியாப் பதிவாயிடுச்சு! சிஸ்டம் ஏத்துக்கிச்சு! ராத்திரிக்குள்ள லைன் வந்துடும்."

கண்டக்டரம்மா கணவரிடம் கையால் அதைச் சொன்னார். அவர் மைக்கைப் பார்த்தார். பிறகு நிதானமாக, நாற்பது பேர் பார்க்க, மேனேஜரைப் பார்த்தே கைகளால் பேசினார்.

"சார் என்ன சொல்றார்?" என்று கேட்டார் மேனேஜர். இத்தனை நாளில் அந்தக் கம்பெனியில் ஒருத்தர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அது எம்பொண்ணைக் கூப்பிட்டது, உங்களுக்குக் கொடுத்தது இல்லைங்கறார்" என்றார் கண்டக்டரம்மா. "அழிங்க."