முகர்ந்து பார்த்த தண்ணீர்

என் மாமனாரின் தண்ணீர்க் குடுவையை முதன்முதலில் கையில் எடுத்தபோது நான் அதை முகர்ந்துதான் பார்த்தேன். பட்டாளத்துக்காரர்கள் தோளில் மாட்டிக்கொள்வார்களே, அந்த மாதிரி அலுமினியக் குடுவை. மேலே காக்கிக் கம்பளித் துணி சுற்றித் தைத்திருக்கும். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். நடுவீட்டுச் சுவரில் அடித்த முளையில் அது தொங்கும். தினமும் காலையில் கொதித்து ஆறிய வெந்நீரை அதில் கழுத்துவரை நிரப்பி, மூடியைத் திருகி மாட்டி வைப்பார். மறுநாள் அந்தத் தண்ணீரை முருங்கைமரத்தடியில் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவார். அதிலிருந்து ஒரு வாய் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. குடிக்காத தண்ணீரை ஒரு மனிதர் எதற்காக நாள்தோறும் மாற்றி வைக்கவேண்டும்? பர்மாவிலிருந்து கொண்டுவந்த ஏதோ மருந்தைக் கரைத்து வைத்திருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் வயலுக்குப் போயிருந்த ஒரு நாள் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். அலுமினிய வாடையைத் தவிர ஒன்றும் இல்லை. அதற்காக என் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. வாடையே இல்லாத மருந்தும் இருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நான் குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பெண். வாக்கப்பட்டு வந்த ஊர் அன்னவாசலுக்கு மேற்கே. நான் வந்தபோது மாமனாரும் மாமியாரும் ரங்கூனில் இருந்தார்கள். மகனைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டுப் பிழைக்கப் போனவர்கள். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர்களால் வர முடியவில்லை. ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, காட்டையும் மலையையும் நடந்தே கடந்து ஆட்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வைகாசி மாதத்து உச்சிவெயிலில் மாமனார் தனியாக வந்து வாசலில் நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார். தோளில் அந்தக் குடுவை. "ஆத்தா எங்கப்பா?" என்று என் கணவர் கேட்டார். "வழியில போயிட்டா. பேதி" என்றார். அவ்வளவுதான். பிறகு வேட்டி முனையில் முடிந்து வைத்திருந்த ஒரு ஜோடித் தோட்டை அவிழ்த்து என் கையில் வைத்தார். எந்த இடத்தில், எப்படி, யார் அடக்கம் செய்தார்கள் என்று எவ்வளவு கேட்டும் பதில் இல்லை. கட்டியவளை வழியில் விட்டுவிட்டு வந்தவர் காதுத் தோட்டை மட்டும் மறக்காமல் கொண்டு வந்திருக்கிறாரே என்று கிணற்றடியில் பெண்கள் சொன்னார்கள். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். மறுத்துப் பேச எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தோட்டை நான் போட்டுக்கொள்ளவும் இல்லை.

வந்த நாளிலிருந்து வீட்டில் அவருடைய சட்டம்தான். ஊருணியிலிருந்து எந்தத் தண்ணீர் வந்தாலும் கொதித்த பிறகுதான் குடிக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, "கொதி வந்துருச்சா? நல்லாத் தளதளன்னு வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பழைய சோறு கூடாது. நீராகாரம் கூடாது. மோர் கூடாது. சந்தையில் வாங்கிய வெள்ளரிப்பிஞ்சை வாசலோடு மாட்டுக்குப் போட்டுவிடுவார். அரிசி கிடைக்காமல் கம்பையும் கேழ்வரகையும் வைத்து ஊர் ஒப்பேற்றிக்கொண்டிருந்த காலம் அது. காலையில் ஒரு சொம்பு நீராகாரத்தைக் குடித்துவிட்டு வயலில் இறங்குகிறவர்கள் நடுவில், ஒருவர் மட்டும் ஆவி பறக்கிற கஞ்சிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அவருக்கென்று தனிச் சொம்பு, தனி வட்டில். யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் எல்லோருமே சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடிப்போம், எச்சில் படக்கூடாது. அவர் அதிலும் ஒரு படி மேலே. அடுத்தவர் அண்ணாந்து குடித்த சொம்பைக்கூட வாங்க மாட்டார். இதையெல்லாம் அறிவு என்று நான் அப்போது நினைக்கவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தாலும் அது முக்கால்வாசி பயம்தான் என்று தோன்றுகிறது.

அடுத்த பங்குனியில் பக்கத்து ஊர்களில் வாந்திபேதி பரவியது. எங்கள் ஊரிலும் கிழக்குத் தெருவில் ஒரு சாவு விழுந்தது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம். காப்புக் கட்டிவிட்டால் ஊரை விட்டு வெளியே போய்த் தங்கக் கூடாது. வீடுகளில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. கூழ், பானகம், நீர்மோர் என்று குளிர்ச்சியானவற்றைத்தான் அம்மனுக்குப் படைத்து நாமும் சாப்பிட வேண்டும். ஊரே அம்மனைக் குளிரவைக்கப் பார்க்கும்போது ஒரே ஒரு வீட்டில் மட்டும் நாள் முழுக்க அடுப்பு எரிந்து வெந்நீர் கொதிக்கிறது. கிழக்குத் தெருச் சாவுக்குக் காரணம் எங்கள் வீட்டு அடுப்புத்தான் என்று பேச்சுக் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும்? திருவிழாவுக்கு முன்னதாகவே என்னைப் பார்க்க வந்திருந்த என் ஆத்தாவும் அதை நம்பினாள். ஆத்தாவுக்கும் மாமனாருக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. ஆத்தா கொண்டுவந்த கம்பங்கூழை அவர் தொடக்கூட இல்லை. "எம் மகளுக்குக் கொண்டாந்த கூழுல நானா விஷம் வைப்பேன்?" என்று அவள் என்னிடம் பொருமினாள்.

அந்த வாரம் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் நடந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் ஊருணியில் மருந்து கலக்க வந்திருந்தார். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் போட்டுக் காட்டினார். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியதும் கூட்டம் நாலடி பின்வாங்கியது. இதைக் குடித்தால் பிள்ளை பிறக்காதாம் என்று ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டு இன்னொருத்தி வாளியைக் கவிழ்த்துவிட்டாள். என் ஆத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "கோடையில ஒடம்பு கொதிக்கிறதாலதான் இந்தச் சீக்கே வருது. கூழும் மோரும் குடிச்சாத்தான் குளிரும். சூட்டுக்கு மேல சூட்டைக் குடுத்தா என்னத்துக்கு ஆகுறது?" என்றாள். அவள் யாரைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். மாமனார் எழுந்தார். "அந்த மருந்தையும் நான் நம்பலை, இந்த மோரையும் நம்பலை. பந்தல்ல நீர்மோர் ஊத்தாதீங்க. கொதிக்க வச்சுக் குடிங்க. நான் பாத்துட்டு வந்தவன் சொல்றேன்" என்றார்.

ஊர்ப் பெரியவரை எங்கள் பக்கத்தில் அம்பலம் என்போம். அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "என்னத்தப் பாத்துட்டு வந்தீரு? கட்டுன பொண்டாட்டிய எங்கிட்டு விட்டுட்டு வந்தீரு? அத மொதல்ல சொல்லும்." அத்தனை நாளும் முதுகுக்குப் பின்னால் பேசிய பேச்சு அன்றைக்கு முகத்துக்கு நேரே வந்தது. மாமனார் வாயைத் திறந்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். பதில் சொல்லாமல் போனவர் மேல் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கும் வந்தது. இன்ஸ்பெக்டர் மருந்துப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பந்தலில் நீர்மோர் ஊற்றுவது என்று முடிவாயிற்று.

திருவிழாவன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பால்குடம் எடுத்து வந்த பெண்கள் பந்தலில் வரிசையாக நின்றோம். ஆத்தா ஒரு சொம்பு நீர்மோரை வாங்கி என் இரண்டு கையிலும் ஊற்றினாள். எதிரே மாமனார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். ஊரோடு சேர்ந்தவள் நான் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் குடித்தேன். இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்ட மோர். நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு மறுநாள் விடிந்ததும் எனக்கு வயிறு கழன்றது. காலை வெயில் ஏறுவதற்குள் வாந்தியும் சேர்ந்துகொண்டது. கை கால் சூம்பி, கெண்டைச் சதை முறுக்கி இழுத்தது. குரல் உள்ளே போய்விட்டது. காப்பு அவிழ்க்காத ஊரை விட்டுப் போகக்கூடாது என்று அம்பலம் தடுத்தும் கேட்காமல் என் கணவர் வண்டியைப் பூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு டாக்டரைக் கூட்டிவரப் போனார். நான் தண்ணீர் கேட்டேன். அந்தத் தாகத்தை என்னவென்று சொல்வது? நாக்கு மரக்கட்டையாகி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆத்தா நனைத்த துணியால் என் உதட்டைத் துடைத்தாளே தவிர ஒரு சொட்டு ஊற்றவில்லை. பேதிக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் உள்ளே போனது அப்படியே வெளியே வரும், உயிரும் கூட வரும் என்று அவள் பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தவள். வாசலில் நின்ற அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். அழுதுகொண்டே, என் தலையை மடியில் வைத்துக்கொண்டே, பெற்றவள் எனக்குத் தண்ணீரை மறுத்தாள். அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை.

அப்போது மாமனார் முளையிலிருந்து குடுவையை எடுத்துக்கொண்டு வந்தார். ஆத்தா கையை நீட்டி மறித்தாள். "அண்ணே, எம் மகளக் கொன்னுறாதீங்க. ஒங்க கால்ல விழுகுறேன்." வாசலிலிருந்து அம்பலமும் சத்தம் போட்டார். மாமனார் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டிய எங்கிட்டு விட்டேன்னு கேட்டீருல்ல? கேட்டுக்கங்க. மலைப்பாதையில அவளுக்குப் பேதி கண்டுச்சு. தண்ணி தண்ணின்னு கேட்டா. குடுக்காத, குடுத்தாச் செத்துருவான்னு கூட நடந்தவுக அம்புட்டுப் பேரும் சொன்னாக. நானும் நம்புனேன். இந்தக் குடுவை நெறையத் தண்ணி இருந்துச்சு. எங் கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டா. குடுக்கல. அவ போனப்பவும் இது நெறஞ்சுதான் இருந்துச்சு."

ஆத்தாவின் கை மெல்லத் தாழ்ந்தது. அவர் என் பக்கத்தில் மண்டியிட்டு மூடியைத் திருகி என் வாயருகே கொண்டுவந்தார். உயிர் போய்க்கொண்டிருக்கிற அந்த நேரத்திலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உதட்டை இறுக்கிக்கொண்டு முகர்ந்து பார்த்தேன். கிணற்றடியில் கேட்டதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. தலையைத் திருப்பிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. குடுவையைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. உதட்டை அதன் வாயில் பதித்து, எல்லோரும் பார்க்க, மடக் மடக்கென்று விழுங்கினார். அந்தக் குடுவையிலிருந்து அவர் குடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்தவர் சொம்பைத் தொடாத மனிதர், தன் எச்சில் பட்ட குடுவையை மருமகளிடம் நீட்டி, "இப்பக் குடி தாயி" என்றார். நான் குடித்தேன். வாந்தி எடுத்தேன். மறுபடியும் ஊற்றினார். வாந்தி எடுக்க எடுக்க ஊற்றிக்கொண்டே இருந்தார். குடுவை காலியானதும் ஆத்தாவே எழுந்துபோய் அடுப்பிலிருந்த வெந்நீரை ஆற்றிக் கொண்டுவந்தாள்.

டாக்டர் வந்து சேர்ந்தபோது நான் கண் விழித்துப் பார்க்கிற நிலையில் இருந்தேன். நான் பிழைத்தது அந்தத் தண்ணீராலா, டாக்டர் போட்ட ஊசியாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு நோய் வந்தது நீர்மோரால்தானா என்பதும் தெரியாது. அதே மோரைக் குடித்தவர்கள் எத்தனையோ பேர் கல்லுக்குண்டாக இருந்தார்கள். அம்மன் காப்பாற்றினாள் என்றது ஊர். ஆனால் அதற்குப் பிறகு சில வீடுகளில் சொல்லிக்கொள்ளாமல் வெந்நீர் கொதித்தது. எனக்கு ஆறாதது வேறொன்று. மாமனார் அன்றைக்கு வாய் திறந்ததால் பழைய சந்தேகம் தீர்ந்தது. புதுப்பெயர் ஒன்று கிடைத்தது. பொண்டாட்டிக்குத் தண்ணீர் கொடுக்காதவர். என்னைப் பிழைக்கவைக்க அவர் சொன்ன வார்த்தையை எடுத்தே அவரைக் காலம் முழுக்க அடித்தார்கள். அவர் செத்துக் கிடந்தபோதும் மூலையில் ஒருத்தி அதைத்தான் முணுமுணுத்தாள். நான் பிணத்துக்குப் பக்கத்திலிருந்து எழுந்துபோய் அவளை வெளியே போகச் சொன்னேன். மாமியாரின் தோடு அப்போது என் காதில்தான் இருந்தது. படுக்கையிலிருந்து எழுந்த அன்றைக்கே அதை எடுத்துப் போட்டுக்கொண்டுவிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டுக்குக் கேனில் தண்ணீர் வருகிறது. மேலே ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு அப்படியே குடிக்கிறார்கள். எங்கே பிடித்தார்கள், யார் அடைத்தார்கள் என்று கேட்டால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கென்று ஒரு பாத்திரத்தில் தனியாகக் கொதிக்கிறது. அது ஆறியதும் குடுவையில் ஊற்றிக்கொள்கிறேன். கம்பளித் துணி நைந்து போய்விட்டது, நசுங்கல் அப்படியே இருக்கிறது. மூடியைத் திறந்தால் என் கை அதை முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோகிறது. இந்த வயதில் இந்தப் புத்தி இனிமேல் மாறவா போகிறது? முகர்ந்து பார்த்துவிட்டு, அவர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடிக்கிறேன்.