தங்கை கேமரா முன்னால் பேசினாள்

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. வீட்டில் அவளோடு சைகையில் சரளமாகப் பேசியது நான் மட்டும்தான். அம்மா ஓரளவு சமாளிப்பாள். அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவள் வளர்ந்த காலமெல்லாம் அவர் வடக்கே எங்கெங்கோ இருந்தார். ‘வா’, ‘சாப்பிடு’ என்பதற்கு மேல் அவருக்குச் சைகை தெரியாது.

காது கேளாதோர் பள்ளியில் அவளோடு படித்தவர் ஒருவர் மலேசியாவில் அச்சகத்தில் வேலை பார்த்தார். அவருக்கும் காது கேட்காது. இருவருக்கும் பிடித்திருந்தது. செல்போனில் எழுதி அனுப்பினால் பாதிப் பேச்சு தொலைந்துபோகும். இணையத்தில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்த பிறகுதான் அவர்கள் உண்மையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பாவைத் தெரியாதவர் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை பஸ் ஏறி, நான் வேலை பார்த்த ராஜபாளையத்துக்கு வந்துவிடுவாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் கேமரா முன்னால் உட்கார்ந்தால் எழ மாட்டாள்.

அப்பா அப்போது கூமாப்பட்டியில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். காது கேட்கிற மாப்பிள்ளைதான் வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

அந்த நேரத்தில்தான் ஒரு பெரிய கணினிக் கம்பெனி அவர்கள் முகம் பார்த்துப் பேசிய அந்த அழைப்புச் சேவையை விலைக்கு வாங்கிய செய்தி பேப்பரில் வந்தது. தங்கை அதை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். சென்டர்காரர் பார்த்துவிட்டு, “இம்புட்டுப் பணத்தக் கொட்டி வாங்குனவன் சும்மாவா விடுவான்? பொறவு காசு கேப்பான், இல்லன்னா இழுத்து மூடிருவான்க்கா” என்றார்.

அவர் சொன்னதை நான் சைகையில் சொன்னேன். தங்கை பேப்பரை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, “மூடுவதற்குள் அப்பா அவரைப் பார்க்க வேண்டும்” என்றாள்.

அடுத்த ஞாயிறு, ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அப்பாவை அழைத்து வந்தோம். திரையில் முகம் தெரிந்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். ஆனால் தங்கை பேசத் தொடங்கியிருந்தாள். கைகள் பறந்தன. இடையில் எதற்கோ தோள் குலுங்கச் சிரித்தாள். அப்பா திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, இவ இம்புட்டுப் பேசுவாளா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“பேசுவாப்பா.”

செத்த நேரம் கழித்து, “அந்தப் பையன்ட்ட ஒண்ணு கேளு. ரெண்டு பேருக்கும் காது கேக்காது. நாளைக்குப் பிள்ளை அழுதா யாருக்குக் கேக்கும்?” என்றார்.

கேட்டேன். திரையில் இருந்தவர் யோசிக்கவே இல்லை. சத்தம் வந்தால் விளக்கு எரிகிற கருவி அங்கே கிடைக்கிறது, வாங்கி வருவேன் என்றார். “என் அம்மாவும் கூட இருப்பாள். நாங்கள் சொல்லாததுகூட அவளுக்குக் கேட்கும்” என்று முகத்தைச் சுளித்துக் காட்டினார். நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா சிரித்துவிட்டார்.

“என்ன சொல்லுதான் பாரு. சரி, லீவுக்கு எப்ப வாரான்னு கேளு.”

கூமாப்பட்டிக்கு அப்பாவே போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த லீவில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மலேசியாவுக்குத் திரும்பிப் போய் இரண்டொரு வருடம் வேலை பார்த்த பிறகு, ஊரிலேயே அச்சகம் வைத்தார். சென்டர்காரர் பயந்தபடி உடனே ஒன்றும் நடக்கவில்லை. பல வருடங்கள் அந்தச் சேவை இலவசமாகவே ஓடியது. அப்பா பேரனிடம் சைகை கற்றுக்கொண்டு, இப்போது தங்கையோடு சண்டை போடும் அளவுக்கு வந்திருக்கிறார்.

சமீபத்தில், அந்தச் சேவையை விலைக்கு வாங்கிய கம்பெனியே அதை மூடிவிட்டது. செய்தியைப் படித்ததும் தங்கையை வாட்ஸப் வீடியோவில் அழைத்துச் சொன்னேன். அவள் மாவுக் கையைத் துடைத்துவிட்டு, “அது இன்னுமா இருந்தது?” என்று கேட்டாள்.