பதினேழாம் பக்கத்துக்குக் கை தூக்கியவன்

பள்ளிச் சபை உறுப்பினர் என்பது சம்பளம் இல்லாத, லீவு இல்லாத, விட்டுவிட்டுப் போகலாம் என்றால் பதிலுக்கு ஆள் கிடைக்காத ஒரு தொழில். கோயில் சபை, விளையாட்டுக் கழகம், மரண உதவிச் சங்கம் என்று எங்கேயாவது ‘ஆளில்லை, உங்கடை பேரைப் போடுறம்’ என்ற வார்த்தையில் மாட்டுப்பட்டவர்களுக்கு நான் படும் பாடு விளங்கும்.

இத்தாலியின் பலேர்மோவில் பதினாறு வருடமாக வீட்டு வேலை செய்கிறேன். மகன் படிக்கும் அரச பள்ளிக்கூடத்துக்கு ஒரு சபை இருக்கிறது. பெற்றோர், ஆசிரியர், ஊழியர், அதிபர் எல்லாமாகப் பத்தொன்பது பேர். பெற்றோரின் பிரதிநிதிகளைப் பெற்றோரே வாக்குப் போட்டுத் தெரிவு செய்வார்கள். அதற்கு நிற்க இத்தாலிக் குடியுரிமை தேவையில்லை என்பதை எங்கள் ஆட்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு எங்கள் மன்னார் ஆட்களும், கோயிலுக்குப் போகிற யாழ்ப்பாணத்து ஆட்களும் ஒன்றாகப் போய் வாக்குப் போட்டார்கள். திங்கட்கிழமை நான் உறுப்பினர். ஊரில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்றால் விளையாட்டுப் போட்டிக்குக் கதிரை அடுக்குவதுதான் வேலை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துப் போனேன்.

ஒருமனதாக

முதல் கூட்டம் மார்கழியில் நடந்தது. பள்ளிக்கூடத்தின் விதிகளைத் திருத்தி எழுதியிருந்தார்கள். அதைச் சபை ஏற்க வேண்டும். அறுபத்தொரு பக்கம். ஒரு கிழமைக்கு முன்பே ஈமெயிலில் அனுப்பிவிட்டார்கள். பேருந்தில் நின்றபடி போனில் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் பள்ளிக்கூடத்தின் சின்னம் வடிவாக இருந்தது. அதோடு மூடிவிட்டேன்.

கூட்டத்தில் சபைத் தலைவர், அவர் ஒரு மருந்தாளர், அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் தகப்பன், மிகவும் மரியாதையான மனிதர், “ஆதரிப்பவர்கள்?” என்று கேட்டார். மளமளவென்று கைகள் எழும்பின. வந்த முதல் நாளே சண்டைக்காரன் என்று பெயர் எடுக்க வேண்டாமே என்று நானும் தூக்கினேன். செயலாளர் ‘ஒருமனதாக’ என்று எழுதிக்கொண்டார். அந்தச் சொல்லில் எனக்கும் பங்கிருக்கிறது என்று வீட்டுக்கு வரும்வரை சந்தோஷமாக இருந்தது. மனிசியிடம் சொன்னேன். எந்த விதிக்குக் கை தூக்கினீர்கள் என்று கேட்டாள். எல்லா விதிக்கும்தான் என்றேன். அதிலே என்ன இருக்கிறது என்று கேட்டாள். நல்ல விதிகளாகத்தான் இருக்கும், எல்லாரும் தூக்கினார்களே என்றேன். அவள் சொன்னாள்: “மீன் குழம்பெண்டால் முள்ளுப் பாத்துப் பாத்துச் சாப்பிடுவியள். இதை மட்டும் அப்பிடியே விழுங்கிப்போட்டு வந்து நிக்கிறியள்.”

சியாகுல்லிப் பெட்டி

மாசி மாதம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நகரத்துக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் பழம் பிடுங்குகிறவர். தோளில் ஒரு பெட்டி மண்டரின் தோடம்பழம். வாசலில் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். மகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற ஆசிரியை சரியில்லையாம். நான் அவரை வேறு வகுப்புக்கு மாற்ற வேண்டுமாம். “நீங்கள் சொன்னால் செய்வினம்தானே” என்றார்.

எனக்கு அந்த அதிகாரம் இல்லை, சபைக்கே அது கிடையாது, எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்கு என்பது அதிபரின் வேலை என்றேன். அவர் நம்பவில்லை. கூட்டத்துக்கு வெளியே நான் சும்மா ஒரு தகப்பன், என் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை, பத்தொன்பது பேரும் கூடி இருந்து வாக்குப் போட்டால்தான் ஏதாவது ஆகும் என்று கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தினேன். பெட்டியைத் திருப்பித் தூக்கி அவருடைய தோளில் வைத்தும் விட்டேன். மனுசன் படிக்கட்டில் இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்: “அப்ப அண்ணை, பத்தொன்பது பெட்டி கொண்டரவேணுமோ?”

தபால் கந்தோர்த் துண்டு

பங்குனியில் தயாளினி வந்தாள். அவளை எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு வயோதிபரைப் பராமரிக்கிறாள். வேலை முடிய இரண்டு மணி ஆகும். பள்ளிக்கூடம் விடுவதோ ஒன்றரைக்கு. ஏழு வயது மகள் மதுராவை இரண்டு வருடமாகப் பக்கத்து வீட்டு யோகம் அக்காதான் கூட்டி வருகிறவ. அதற்குரிய அனுமதிப் படிவத்தில் தாய் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எல்லாம் முறைப்படி.

இப்போது யோகம் அக்காவின் பெர்மெசோ, அதுதான் இந்த நாட்டில் இருக்க விடுகிற வதிவிட அனுமதி அட்டை, முடிந்துவிட்டது. புதுப்பிக்கத் தபால் கந்தோரில் கொடுத்து, அதற்கான ரசீதுத் துண்டு கையில் இருக்கிறது. அட்டை கொடுக்கிற பொலிஸ் கந்தோர், குவெஸ்தூரா, ஆனி மாதத்துக்குத் திகதி கொடுத்திருக்கிறது. எங்களில் யாருடைய பொக்கற்றைத் தடவினாலும் ஒரு காலத்தில் அந்தத் துண்டு இருந்திருக்கும். ஆனால் பள்ளிக்கூட வாசலில் அது செல்லாதாம். வாசல் ஊழியை ஜூசி பிள்ளையை விடவில்லை. தயாளினி வயோதிபரைத் தனியே விட்டு ரயிலில் ஓடிவந்து சேர்ந்தபோது இரண்டரை; பள்ளிக்கூடக் கதவு பூட்டுவதோ இரண்டுக்கு. இப்படி இரண்டு நாள். மூன்றாம் தரமும் பிந்தினால் சமூக சேவைக் கந்தோருக்குக் கடிதம் போகும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கந்தோரின் பெயரைக் கேட்டாலே எங்கள் தாய்மாருக்குப் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போவதுதான் கண்முன் வரும். வேலையை விடவும் ஏலாது, அவளுடைய பெர்மெசோவே அந்த வேலையில்தான் தொங்குகிறது. அழாமல்தான் சொன்னாள். கடைசியில் எழும்பும்போது சொன்னாள்: “நீங்கள் அங்கை இருக்கிறியள் எண்டுதான் அண்ணை நாங்கள் எல்லாரும் நிம்மதியா இருக்கிறம்.”

பதினேழாம் பக்கம்

அவள் போனபின் அந்த அறுபத்தொரு பக்கத்தையும் முதல் தடவையாக வாசித்தேன். என்னுடைய இத்தாலி மொழி சமையலறைக்கும் குவெஸ்தூராவுக்கும் போதும், சட்டத்துக்குப் போதாது. போனில் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று பின்னேரம் எடுத்தது. பதினேழாம் பக்கத்தில் இருந்தது. பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற இத்தாலியர் அல்லாதோர் செல்லுபடியான பெர்மெசோ காட்ட வேண்டும். ரசீதுகளும் போன் படங்களும் ஏற்கப்படா. கூட்டக் குறிப்பையும் பள்ளிக்கூட இணையத்தளத்தில் எடுத்துப் பார்த்தேன். ‘ஒருமனதாக’ என்பதற்கு மேலே வந்திருந்தவர்களின் பெயர். நான்காவது பெயர் என்னுடையது.

வெட்கமாக இருந்தது. அவள் என்னை நம்பி வந்தாள், அவளுடைய பிள்ளைக்கு வாசலைப் பூட்டியவர்களில் நானும் ஒருவன். அதைத் தயாளினியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மனிசியிடம் சொன்னேன். அவளுக்கு நிரந்தர பெர்மெசோ இருக்கிறது. தயாளினி படிவத்தில் அவளுடைய பெயரையும் சேர்த்தாள். மனிசி தான் வேலை செய்யும் வீட்டுச் சினோராவிடம் கெஞ்சி, திங்களும் புதனும் மட்டும் நேரத்தோடு வெளிக்கிட்டு மதுராவைக் கூட்டி வந்தாள். மற்ற மூன்று நாளும் தயாளினி வயோதிபரைத் தூங்க வைத்துவிட்டு நேரத்தோடு ஓடிவந்தாள், ஒவ்வொரு நாளும் மயிரிழையில் தப்பினாள். மனிசி முதல் நாள் மதுராவோடு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: “கை தூக்கினது நீங்கள். கால் நோகிறது எனக்கு.”

ஏனைய விடயங்கள்

அடுத்த கூட்டத்தில் கடைசியாக ‘ஏனைய விடயங்கள்’ என்று ஒன்று இருந்தது. அதுதான் நமக்குரிய இடம் என்று எழும்பி, தயாளினி என்ற தாய், அவளுடைய மகள், பக்கத்து வீட்டுக்காரி என்று தொடங்கினேன். இரண்டு வசனம் போகவில்லை, அதிபர் கையைக் காட்டினார். பெயர்கள் வேண்டாம் என்றார். கூட்டத்தைப் பார்க்க யாரும் வந்து இருக்கலாம். ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை இங்கே பெயரோடு சொல்ல எங்களில் யாருக்கும் உரிமை இல்லை. அத்தோடு நிகழ்ச்சி நிரலில் இல்லாத விடயத்துக்கு வாக்கெடுக்க முடியாது என்றும் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்த நேரம் சரியாகப் படவில்லை. தலைவர் மருந்துக் கடையில் நோயாளிக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: “சினோர் அந்தோன், இந்தச் சபை ஆட்களைத் தீர்மானிப்பதில்லை, விதிகளைத்தான் தீர்மானிக்கிறது. விதியைக் கொண்டு வாருங்கள்.”

ஏழு கையெழுத்து

எங்கள் சபையில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது ஏழு பேர், கையெழுத்திட்டுக் கேட்டால் தலைவர் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். அது நாற்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. இப்போதெல்லாம் என்னிடம் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சொல்வேன். பாஸ்போர்ட்டும் பழைய பெர்மெசோவும் தபால் கந்தோர்த் துண்டும் ஒன்றாகக் காட்டினால் போதும் என்று ஒரு திருத்தம் எழுதினேன். அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனேன்.

முதலில் வாசலுக்குத்தான் போனேன். ஜூசியும் சபையில் ஊழியர்களின் பிரதிநிதி. அவளிடம்தான் அதிகம் பயம், ஏனென்றால் யோகம் அக்காவைத் திருப்பி அனுப்பியவள் அவள். தாளை வாங்கிக் கடைசி வரி வரை வாசித்தாள். ‘தாய் வரும்வரை அந்தப் பிள்ளை என் பக்கத்தில் கதிரையில் இருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும், நான் பிஸ்கட் கொடுப்பேன், வேறு என்ன செய்ய’ என்றாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு நான் கேட்டேன், அன்றைக்கு இந்தப் பக்கத்தை வாசித்தீர்களா என்று. ஜூசி பேனாவைத் திருப்பித் தந்தாள். “இல்லை அந்தோனியோ. பிறநாட்டுப் பெற்றோரின் ஆள் நீ, நீயே கையைத் தூக்கினாய். உன்னைப் பார்த்துத்தான் நானும் தூக்கினேன்.”

என்னுடைய பேச்சு

ஏழு கையெழுத்தும் சேர்ந்தது. கூட்டம் ஒரு வியாழக்கிழமை ஐந்து மணிக்கு. அன்று மத்தியானம்தான் பகேரியாவிலிருந்து வந்த ரயில் நடுவழியில் நின்று, தயாளினி கதவு பூட்ட ஒரு நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்திருந்தாள். அடுத்த நாள் என்ன ஆகுமோ தெரியாது. பெயர் சொல்லக்கூடாது. அந்தத் தாயைப் பற்றியும் சொல்லக்கூடாது. சொல்வதற்கு என்னைப் பற்றித்தான் மிச்சம் இருந்தது. எழும்பி, எனக்குத் தெரிந்த இத்தாலியில், மார்கழியில் நான் வாசிக்காமல் கை தூக்கினேன், எல்லாரும் தூக்கியபடியால் தூக்கினேன், அந்தத் துண்டை வருடக்கணக்காகப் பொக்கற்றில் வைத்துத் திரிந்தவன் நானே தூக்கினேன் என்றேன்.

சிலர் மேசையைப் பார்த்தார்கள். அதிபர் விளக்கம் சொன்னார்: முன்னொரு தடவை முன்பின் தெரியாத ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டிப் பிள்ளையைக் கேட்டாராம், அந்தப் பயத்தில் எழுதிய விதி, ரசீதும் அதோடு சேர்ந்து அடிபட்டுவிட்டது, சட்டப்படி அந்தத் துண்டு செல்லும் என்று தானும் விசாரித்துவிட்டதாகச் சொன்னார். வாக்கெடுப்பு. பதினெட்டுக் கைகள். ஒரு ஆசிரியை மட்டும் தூக்கவில்லை. தலைவர் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். அன்றிலிருந்து இந்தச் சபையில் நான் அதிகம் மதிப்பது அந்த ஆசிரியையைத்தான். அவர் சொன்னார்: “எதிர்ப்பு ஒன்றும் இல்லை. மகனுக்குக் காய்ச்சல், இந்தத் தாளை நான் இன்னும் வாசிக்கவில்லை.”

தூக்கின கை

வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கு யோகம் அக்கா பூசைக்குப் போகிற சேலையோடு வாசலில் போய் நின்றவவாம். பாஸ்போர்ட், பழைய பெர்மெசோ, துண்டு மூன்றையும் ஜூசி ஒவ்வொன்றாகப் பார்த்து, மதுராவின் கையைப் பிடித்து ஒப்படைத்திருக்கிறாள். தயாளினி பகேரியாவில் அந்த வயோதிபருக்கு ஆறுதலாகச் சோறு தீத்தி முடித்துவிட்டு வந்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இனியும் மறைக்கக்கூடாது என்று நான் தொடங்கினேன்: “தங்கச்சி, ஒரு விசயம் சொல்லவேணும். அந்த விதிக்கு நானும்...” அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “தெரியும் அண்ணை. முதல் நாளே ரயிலுக்கை நிண்டு கூட்டக் குறிப்பு வாசிச்சனான். உங்கடை பேரும் கிடந்தது. அதாலைதான் உங்களிட்டை வந்தனான், தூக்கின ஆள்தானே இறக்கவும் வேணும்.”

இப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் மூக்குக்கண்ணாடியை மறப்பதில்லை, வாசித்து முடியும்வரை வலது கையைப் பொக்கற்றை விட்டு வெளியே எடுப்பதுமில்லை.