சாமியார் வந்த வீடு

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் சாமியார் எண்ணெயோடு வந்து போன வீடுகள் பதினொன்று. பதினொரு வீட்டிலும் ஒரு வாரத்துக்குள் சவப்பெட்டி வந்தது. எங்கள் வீட்டிலேயே மூன்று தடவை. அப்பாவுக்கு மறுநாள். அம்மாவுக்கு அன்று சாயங்காலமே. அண்ணனுக்கோ, சாமியார் தெருமுனை திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

பாதிரியார் நோயாளியின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு இது. கோயிலில் இப்போது 'நோயில் பூசுதல்' என்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் வாயில் இன்னும் 'அவஸ்தை'தான். "அவஸ்தை குடுத்தாச்சா?" என்று ஒருவர் விசாரித்தால், ஆள் இன்றைக்கா நாளைக்கா என்று கேட்கிறார் என்று அர்த்தம். அதனால் யாரும் சாமியாரை நேரத்தோடு கூப்பிடுவதில்லை. கண் செருகிய பிறகுதான் ஓடுவார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இருந்தும் அந்தப் பதினொன்று எனக்குள் ஒரு சூத்திரம் மாதிரி உட்கார்ந்துவிட்டது. சாமியார் வந்தால் சாவு வரும்.

என் மனைவிக்கு வயிற்றில் புற்றுநோய். பெரம்பலூரில் ஸ்கேன் எடுத்தோம். திருச்சியில் பெரிய டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் எங்கள் ஒரே மகள், ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட அல்சருன்னே சொல்லுவோம்ப்பா. தெரிஞ்சா மனசு உட்டுடுவாங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அல்சர்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அல்சர் என்றார்கள். காரம் சேர்க்காதே என்று அவளுக்குப் புத்தி சொன்னார்கள். கஞ்சியே இறங்காதவளிடம் காரத்தைப் பற்றிப் பேசினார்கள். அவளும் தலையாட்டிக்கொண்டாள்.

அரியலூரிலிருந்து சற்றுத் தள்ளி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். மதியம் வெடி வைக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீர்ச் சொம்பு அதிரும். ஒரு நாள் அந்த அதிர்வு அடங்கியதும் அவள் சொன்னாள்.

"ஏங்க, சாமியாருக்குச் சொல்லி அனுப்புங்க. அவஸ்தை வாங்கிக்கிறேன்."

"அல்சருக்குப் போயி யாராவது அவஸ்தை வாங்குவாங்களா?"

"அல்சருக்குப் போயி எந்த ஆம்பளயாவது கொல்லைல நின்னு அழுவானா?"

மாத்திரை நேரம் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். மறுநாள் கேட்டாள். சாமியார் ஊரில் இல்லை என்றேன். அதற்கு அடுத்த நாளும் கேட்டாள். போனில் மகளிடம் சொன்னேன். "கூப்பிடவே கூப்பிடாதீங்கப்பா, அவரப் பாத்தவொடனே அம்மாவுக்குத் தெரிஞ்சுபோயிடும்" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி தினமும் மோர் கொண்டுவந்து கொடுப்பாள். எங்கள் மதம் இல்லை, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். என் மனைவி அவளிடமே பஞ்சாயத்தை வைத்துவிட்டாள். நான் பதினொரு வீட்டுக் கணக்கை அவளுக்கு விளக்கினேன். அவள் சொம்பை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"எங்க ஊட்டுக்குப் பூசாரி வந்தா பேய் ஓடும். ஒங்க ஊட்டுக்குச் சாமியாரு வந்தா உசுரு ஓடிடுமா சார்? நல்லா இருக்குது ஒங்க சாமி."

என் மனைவி சிரித்தாள். சிரித்தால் வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாவுறப்பதானே போயிக் கூப்பிடுறீங்க எல்லாரும். அப்பறம் எப்படிங்க பொழைப்பாங்க? இதுல கணக்கு வாத்தியாரு வேற."

பக்கத்து வீட்டுக்காரி போன பிறகு குரலை இறக்கிப் பேசினாள். "வாய் பேசுறப்பவே பாவசங்கீர்த்தனம் பண்ணணும். சாமியாருகிட்ட சொல்ல வேண்டிய பாவம் எனக்கு இருக்கு. நாக்கு கொழறிப் போனப்பறம் அவர் வந்து நெத்தில எண்ணெயத் தடவி என்னா புண்ணியம்? எனக்குப் பயம் இல்ல. ஒங்க பயத்துக்காவ நான் ஒண்ணும் சொல்லாமப் போவணுமா?"

மறுநாள் காலை மினி பஸ்ஸில், சுற்று ஊர்களுக்கெல்லாம் பொதுவான பங்குக் கோயிலுக்குப் போனேன். நான்கே நிறுத்தம்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. சாமியார் இளவயதுக்காரர், என் மாணவர்களின் பிள்ளைகள் வயது இருக்கும். அவஸ்தை என்று நான் வாயெடுத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"மூச்சு இருக்கா சார்?"

"பேசுறாங்க, சாமி. நல்லாவே பேசுறாங்க."

மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "இந்தப் பங்குக்கு வந்ததுலேர்ந்து, பேசுற ஆளுக்குன்னு கூப்பிட வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். மதியம் வருவதாகச் சொல்லி என்னை முன்னே அனுப்பினார்.

மகளுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வாசலில் நின்றபடியே, "அம்மாவ நீங்களே அனுப்பி வைக்கிறீங்களாப்பா?" என்று கத்தினாள்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஆமாண்டி, பஸ் ஏத்தி அனுப்புறாரு. உள்ள வா, வெயில்ல நிக்காத."

சாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனத்துக்காக நாங்கள் இருவரும் வெளியே அடிபம்புக்கு அருகில் போய் நின்றோம். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. நெடுநேரம் ஆனது. இத்தனை வருடம் கூட இருந்தவளுக்கு இவ்வளவு நேரம் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இன்று வரை தெரியாது. கேட்கவும் கூடாது.

கூப்பிட்டதும் உள்ளே போனோம். அவள் கைகளை விரித்து நீட்டிக்கொண்டிருந்தாள். சாமியார் பூசினார். ஜெபங்களுக்கு எங்களைவிட அவள் குரல்தான் உரக்கக் கேட்டது. அவர் போன பிறகு மகளை அருகில் உட்காரச் சொன்னாள்.

"எனக்கு என்னா நோவுன்னு எனக்குத் தெரியும். இனிமே ஒருத்தரும் அல்சருன்னு சொல்லாதீங்க. கேக்கச் சகிக்கல."

மகள் அவள் மடியில் விழுந்து அழுதாள். மூன்று மாதமாக அம்மாவுக்கு எதிரில் அழாமல் இருந்தவள்.

அதற்குப் பிறகு நாங்கள் உண்மையைப் பேசினோம். எந்தச் சேலை கட்டுவது, கல்லறை எங்கே என்றெல்லாம். என் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்றேன். "வேண்டாம், அங்கயும் கொற சொல்லிக்கிட்டே கெடக்கும்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க நான் விடியும் முன்னே எழுந்து, அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். வாரம் கழிந்த மறுநாள் காலை, கண்ணைத் திறக்காமலே, "என்னா, கணக்கு ஒதைக்குதா?" என்றாள்.

பங்குனியில் எண்ணெய் பூசிக்கொண்டவள் ஆடி வரை இருந்தாள். அதை அருள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து மாதமும் வலி. வலிக்கான மார்ஃபின் மாத்திரைக்காகத் திருச்சிக்கும் அரியலூருக்கும் அலைந்தேன். அதுவும் போகப் போகப் பற்றவில்லை. வலி வரும்போது அவள் வாயில் ஜெபம் வராது. அம்மா என்று அலறுவாள். என்னைத் திட்டுவாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து விரல் நகங்கள் கறுத்துவிட்டன. விசுவாசம் வலியைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

வலி விட்ட ஒரு இடைவெளியில் கேட்டேன். "பயமா இருக்கா?"

"வலிக்குப் பயமா இருக்கு. ராத்திரி வரப்போவுதேன்னு பயமா இருக்கு. போறதுக்கு இல்ல."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பொய் இல்லை. பொய் சொல்கிற முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வகுப்பிலும் வீட்டிலும். எனக்கு அப்போதும் எல்லாவற்றுக்கும் பயம்.

கடைசியில் பேச்சு நின்றது. ஆடி மாதத்தில் ஒரு நாள் மதியம் மூச்சு மாறியது. சாமியார் தியானத்துக்காக வெளியூர் போயிருந்தார். வேண்டாம் என்று நின்ற மகளே இப்போது பதறினாள். "வேற பங்குச் சாமியார யாரையாவது கூட்டிட்டு வாங்கப்பா!"

"வேண்டாம்மா" என்றேன். "அம்மா எல்லாத்தையும் முடிச்சிட்டா."

மகள் மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றி, அம்மாவின் விரல்களை அதில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் காதருகில் குனிந்து இயேசு மரி சூசை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கால்மாட்டில் நின்று பாதங்களைத் தேய்த்துவிட்டாள். எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை.

போன மாதம் கோடி வீட்டுப் பெரியவர் விழுந்துவிட்டார். பக்கவாதம். ஒரு பக்கம்தான் போயிருக்கிறது, பேச்சு கொஞ்சம் இருக்கிறது. நான் போய் அவர் மகனைத் தனியே கூப்பிட்டு, பேசும்போதே சாமியாரை அழைத்துவிடு என்றேன். அவன் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டான்.

"இப்ப எதுக்கு சார் அது? இன்னும் அந்த அளவுக்கு ஆவல. எங்க அம்மா காதுல உழுந்தா பயந்துருவாங்க. பாப்போம் சார்."

நேற்றும் போனேன். பெரியவர் தூங்குகிறார் என்றார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார்.