சுவரில் ஏறிய சிவப்பு அம்புகள்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்து இருபது வருஷமாகிறது. தைத்து வரும் ஒவ்வொரு பனியனையும் மேஜையில் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது தென்பட்டாலும் அந்த இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தனியே போட வேண்டும். நல்ல பீஸை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. இத்தனை வருஷம் குறையை மட்டுமே தேடிய கண், வீட்டுக்கு வந்தால் திருந்திவிடுமா? கல்யாணத்துக்குப் போனாலும் மணப்பெண்ணின் முகத்துக்கு முன்னால் அவள் முந்தானையில் இழை விட்டிருப்பதுதான் எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டும் இருக்கமாட்டேன்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். குழம்பில் உப்பு இல்லையென்றால், "இன்னைக்கு ரசம் சூப்பரா இருக்குது புள்ள" என்பார். இப்படி ஒரு ஆளோடு சண்டை போடுவதே பெரும்பாடு.

போன வருஷம் ஆடியில், ஒரு காலை நேரத்தில், கட்டிங் டேபிள் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் குழறிப்போனது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பயிற்சிய விட்றாதீங்கம்மா. ஆறு மாசத்துக்குள்ள எவ்வளவு தேறறாரோ, பெரும்பாலும் அவ்வளவுதான்" என்றார். எழுந்து நடப்பாரா, கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பாரா என்பதற்கு ஆறு மாதம்தான் கெடு என்று என் மனதில் பதிந்துவிட்டது.

நாங்கள் இருப்பது ஒரே வரிசையில் எட்டு வீடுகள் கொண்ட காம்பவுண்டு. எட்டுக்கும் சேர்த்து ஒரே இரும்பு கேட். எங்களுடையது கடைசி வீடு. பக்கத்து வீட்டில் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு பெண், வீட்டிலிருந்தே பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பாள். பகலில் இவரைப் பார்த்துக்கொள்வதும், சுவரைப் பிடித்து நடக்க வைப்பதும் அவள்தான். நான் லீவு போட்டால் அடுப்பு எரியாது.

இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. எனக்குத் தெரிந்து ஒரு முன்னேற்றமும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், போவதை நிறுத்திவிட்டேன். அம்மனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் அவருடைய காப்பி டம்ளரில் ஒரு சிவப்பு அம்பைப் பார்த்தேன். என் பையில் மீந்து கிடந்த ஸ்டிக்கர் அட்டையை எடுத்திருக்கிறார். டம்ளரில் ஏதோ அழுக்கு என்று புளி போட்டு மூன்று முறை தேய்த்தேன். அடுத்த நாள் ஜன்னல் கம்பியில் ஓர் அம்பு. ஒட்டடை அடித்தேன். அதற்கடுத்த வாரம் கட்டிலை ஒட்டிய சுவரில், இடுப்பு உயரத்தில், வரிசையாக ஐந்து அம்புகள். விரிசலா, கறையா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"நாளெல்லாம் நின்னு கால் கடுத்து வர்றேன். கட்டல்ல உக்காந்துட்டு என்ற வேலைக்கே டேமேஜ் காட்டறீங்களாக்கு?" என்று கத்திவிட்டு, காய் நறுக்கும் கத்தியால் ஐந்தையும் சுரண்டி எறிந்தேன். அவர் இடது கையைத் தூக்கி, "இ... இல்ல புள்ள..." என்று ஆரம்பித்தார். கேட்க எனக்கு ஏது பொறுமை? குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி பின்னாலேயே ஓடி வந்தாள். "யக்கா, அதையா பிச்சி எறிஞ்சிய? அண்ணன் ஒவ்வொரு நாளும் எது வரைக்கும் நடந்தாவளோ அங்கன ஒண்ணு ஒட்டுனாவ. டம்ளர வலது கையால தூக்குன அன்னைக்கு அதுல ஒட்டுனாவ. சன்னல்ல தேன்சிட்டு வந்து உக்காந்துச்சு, அதுக்கு ஒண்ணு."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லப்பிடாதுன்னுட்டாவ. செக்கிங்காரி கண்ணுக்குத் தப்புமா, அவளே கண்டுபுடிப்பான்னாவ."

குடம் நிரம்பி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இருபது வருஷ அனுபவம்! டம்ளரைத் தூக்கிய கையைப் பார்க்காமல் டம்ளரைத் தேய்த்திருக்கிறேன். அவர் ஐந்து நாள் நடந்த தூரத்தைக் கத்தியால் சுரண்டியிருக்கிறேன்.

உள்ளே போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய்; அவருடைய வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் ஒரு பக்கம் கோணிய வாயோடு சிரித்தார். "போனாப் போகுது. மறுபடி... நடந்தாப் போச்சு" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. உடம்பில் பாதி ஓய்ந்துபோன மனிதர், மீதிப் பாதியை வைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்கிறார். எனக்கு அவர்மேல் எப்போதும் பிரியம் உண்டு. மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டே இரண்டு அட்டை வாங்கி வந்தேன். அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மனோடு மறுபடி பேச ஆரம்பித்தேன். எதுவும் கேட்கவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் கம்பெனி வேனில் வரும்போதே, இன்றைக்கு எங்கே ஒட்டியிருப்பார் என்ற யோசனைதான். நல்ல தண்ணீர் ஒரு நாள் முன்னதாக வந்தால் டிரம்மில் ஓர் அம்பு. முதல் வீட்டு பீகார்க்காரர்கள் கொடுத்த சூடான சப்பாத்தித் தட்டில் ஓர் அம்பு. என் பெயரைக் குழறாமல் சொன்ன நாளில் காலண்டரில் ஓர் அம்பு. சுவரில் இருந்தவை வாசலைத் தாண்டி வெளிச்சுவருக்குப் போயின. ஏழாவது வீடு, ஆறாவது வீடு என்று கேட்டை நோக்கி ஏறின. யாரும் தங்கள் சுவரில் ஒட்டக்கூடாது என்று சொல்லவில்லை.

மார்கழியில் நான்காவது வீட்டு ஜன்னலடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் கால் வீங்கிப் படுக்கையாகிவிட்டார். மூன்று வாரம் புது அம்பு ஒன்றுகூட இல்லை. ஆறு மாதமும் முடிந்தது. நான் நான்காவது வீட்டைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அவரோ நாள் தவறாமல் அந்தக் காலை நீட்டி மடக்கிக்கொண்டே இருந்தார். வீக்கம் வடிந்ததும் மறுபடி சுவரைப் பிடித்தார். அப்போதும் நான்காவது வீட்டைத் தாண்ட முடியவில்லை.

மாசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேனை விட்டு இறங்கி, கேட்டைத் திறக்கக் கையை வைத்தேன். தாழ்ப்பாளுக்கு மேலே, கொஞ்சம் கோணலாக, ஒரு சிவப்பு அம்பு இருந்தது.

கேட்டைத் திறக்கத் தோன்றவில்லை. அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி கத்தரிக்கோலும் கையுமாக ஓடி வந்தாள். "யக்கா, ஒத்தையில நடந்தாவ! நான் பின்னாலயே வந்தேன், தொடவே இல்ல!"

உள்ளே ஓடினேன். கட்டிலில் ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதத்திலும் வாசல் மண்.

"ஏனுங்க, விழுந்து தொலைச்சிருந்தீங்கன்னா நான் என்னுங்க பண்றது?" என்று திட்டிக்கொண்டே அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் தலையணைக்கடியில் துழாவி, காலியான ஸ்டிக்கர் அட்டையை வலது கையால் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தீந்து போச்சு புள்ள. நெறைய எடுத்துட்டு வா. ரோட்டுக்குப் போகோணும்."