மணம் வெளியே போகாத வீடு

நிலவறையில் மிளகாய் வறுபடத் தொடங்கியதும் இராசலிங்கம் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளியே இறங்கிவிடுவார். வேலியோரமாக வீட்டை ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு யன்னலின் முன்னும் நின்று, வாயை இறுக மூடி, மூக்கால் இரண்டு தரம் இழுப்பார். எங்காவது ஒரு பொட்டு மணம் தட்டுப்பட்டால் போதும், கையோடு கொண்டுபோகும் சிலிக்கோன் பசைத் துவக்கால் அந்த இடுக்கை அடைத்துவிட்டுத்தான் அடுத்த யன்னலுக்கு நகருவார். சுற்று முடிந்ததும் படிக்கட்டின் தலையில் நின்று கீழே குரல் கொடுப்பார்.

"இஞ்சேர், பயப்பிடாமல் வறு! எறும்பு மூச்சு விட்டாலும் இந்த வீட்டாலை வெளியிலை போகாது."

"முதல்லை அந்தக் கதவைச் சாத்துங்கோ" என்று புகைக்குள்ளிருந்து மனைவி புஸ்பவதியின் பதில் வரும்.

இராசலிங்கத்துக்கு வயது அறுபத்தெட்டு. ஆறாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கூடம் அவரைக் காணவில்லை. ஜேர்மனிக்கு வந்த புதிதில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். பிறகு இரும்பு வார்க்கும் தொழிற்சாலையொன்றில் இருபத்தெட்டு வருடம், உருகிய இரும்புக்குப் பக்கத்தில் நின்றார். ஹம் நகரிலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணித்தியாலம் போனால் வரும் மலைச்சரிவில் இந்த வீட்டை வாங்கியபோது, அதில் உருப்படியாக இருந்தது சுவரும் கூரையும்தான். தண்ணீர்க் குழாய், மின்கம்பி, மாபிள், படிக்கட்டு எல்லாம் அவர் கை. வருகிற விருந்தாளிக்குத் தேநீர் கிடைக்க முன்னர் வீட்டைச் சுற்றிக் காட்டுவார். "ஒரு இஞ்சினியரும் இந்தப் படியிலை கால் வைக்கேல்லை" என்று வாசலில் தொடங்கி, நிலவறையில் கொண்டுபோய் முடிப்பார். அவருடைய பெருமையின் உச்சம் அங்கேதான் இருந்தது. புஸ்பவதிக்குச் சமைக்கக் கட்டிக் கொடுத்த குசினி.

குசினி நிலத்துக்குக் கீழே போனதற்குக் காரணம் உண்டு. 1994 மார்கழியில் அவர்கள் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். சமையல் மணம் தாங்க முடியவில்லை என்று அயலவர்கள் எழுதிய கடிதம் மூன்று தரம் கதவில் ஒட்டப்பட்டது. நாலாவது கடிதம் வெளியேறச் சொல்லி வீட்டுக்காரர் எழுதியது. மூன்று மாதக் குழந்தை சஜிதாவைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, பனி கொட்டக் கொட்டச் சாமான் ஏற்றினார்கள். அதன் பிறகு புஸ்பவதி கடுகு தாளிப்பதற்கும் யன்னலைத் திரும்பிப் பார்ப்பார்.

ஆகவே சொந்த வீடு கிடைத்ததும் இராசலிங்கம் அடுப்பை நிலவறைக்கு இறக்கினார். பாவிக்காமல் கிடந்த பழைய புகைக்கூட்டுக்குள் குழாய் விட்டு, அடுப்புக்கு மேலே பெரிய காற்றாடி ஒன்றைப் பொருத்தினார். புகையும் மணமும் கூரைக்கு மேலால் போய்விடும். யன்னல் இடுக்குகள் எல்லாவற்றையும் அடைத்தார். ஒரு மூலையில் மட்டும் தரைக்குச் சீமெந்து போடாமல் மண்ணாகவே விட்டார். சின்ன வெங்காயம் மாதக்கணக்கில் பழுதாகாமல் கிடக்கும். "ஜேர்மனியிலை வேறை எந்தத் தமிழ்ப் பொம்பிளைக்கும் இப்பிடி ஒரு குசினி இல்லை" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டு ஜேர்மன் பெண்மணி ஃபிறாவ் கெம்பர் இருபத்தொரு வருடத்தில் ஒரு நாளும் மூக்கைச் சுளித்ததில்லை.

கட்டடக் கலைஞர் ஒருவரிடம் வேலை செய்யும் மகள் சஜிதா ஒருநாள் இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் சிமிழ்களோடு வந்தாள். தபாலில் எடுப்பித்தவை, ஒன்று நாற்பது யூரோ. இராசலிங்கம் ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"பற்றறியும் இல்லை, லைற்றும் இல்லை. வெறும் மூடிக்கோ நாப்பது யூரோ?"

"குலுக்காதேங்கோ அப்பா. இது றாடோன் அளக்கிறது. நிலத்துக்குக் கீழை இருக்கிற பாறையிலையிருந்து வாற வாயு. அதிலை கதிர்வீச்சு இருக்கு. வருசக்கணக்கா மூச்சோடை போனால் நுரையீரல்லை கான்சர் வரலாம். நிறமும் இல்லை, மணமும் இல்லை."

"மணமில்லாட்டி அது என்ன வாயு, பிள்ளை? என்ரை மூக்குக்குத் தெரியாமல் இந்த வீட்டுக்குள்ளை ஒண்டும் வந்துபோக ஏலாது."

"ஓம், உங்கடை மூக்கு பெரிய மூக்குத்தான். ஒரு வருசத்துக்கு இதைத் தொடாமல் வையுங்கோ."

ஒன்றை மேலே இருப்பறையில் வைத்தார்கள். மற்றதைக் கீழே புஸ்பவதியின் தூள் தட்டில். ஒரு வருடமும் இராசலிங்கம் அதைத் தொடவில்லை. வந்த விருந்தாளிகளுக்கு அதையும் காட்டி, ஜேர்மன்காரன் காற்றையே விற்றுப்போடுவான் என்று சிரித்தார்.

ஆய்வுகூடத்திலிருந்து கடிதம் வந்தது. முந்நூறு என்ற எண்ணைத் தாண்டினால் கவனிக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இருப்பறையில் இருநூற்றெண்பது. நிலவறையில் ஆயிரத்து நூற்றுநாற்பது.

இராசலிங்கம் சஜிதாவைக் கொண்டு கடிதத்தை மூன்று தரம் வாசிப்பித்தார். பிறகு, "கீழை நெடுக நிக்கிறது ஆர்?" என்று கேட்டார், தனக்குத் தெரியாததைப் போல. நாளுக்கு நாலு மணித்தியாலம் அங்கே நின்றது ஒரே ஒரு ஆள். இராசலிங்கமோ அந்த நேரமெல்லாம் வெளியே, நல்ல காற்றில், மணம் பிடித்துக்கொண்டிருந்தவர்.

இதைச் சரிப்படுத்த முதலில் வந்து பார்த்த நிறுவனம் எட்டாயிரத்து எழுநூறு யூரோ என்றது. இராசலிங்கம் மறுபேச்சில்லாமல் சரி என்றார். விலை பேசாமல் அவர் ஒரு சாமான் வாங்கியதை வீட்டில் ஒருவரும் அதுவரை கண்டதில்லை. சஜிதாதான் பயந்துபோய், இன்னொருவரையும் கேட்போம் என்று நாளும் நேரமும் குறித்து டெர்மின் எடுத்தாள். அப்படி வந்தவர் வில்மெஸ். றாடோன் வேலைக்கென்றே பயிற்சி எடுத்த மனிதர். ஆள் மலை மாதிரி. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நிலவறைக்கு இறங்கி, வெங்காய மூலையில் போய் மண்ணில் குந்தினார். கையில் பேனாவைப் போல ஒரு குச்சி. அதன் நுனியிலிருந்து நூலாகப் புகை எழும்பியது, நேராக, ஆடாமல்.

காற்றாடியைப் போடச் சொன்னார். இராசலிங்கம் ஆளியைத் தட்டினார். மண்தரையோரம் நேராக நின்ற புகை படுத்து, அடுப்புப் பக்கம் ஓடியது.

வில்மெஸ் ஜேர்மன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். சஜிதா தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா, யன்னலெல்லாம் அடைச்சதாலை வெளிக்காத்து உள்ளை வர வழியில்லையாம். காத்தாடி இழுக்கிற இழுவைக்கு எங்கையிருந்தெண்டாலும் காத்து வரவேணுமாம். அதாலை..."

அவள் சொல்லி முடிக்கத் தேவையிருக்கவில்லை. உலைக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று இருபத்தெட்டு வருடம் பார்த்த மனிதர் அவர். "அதாலை நிலத்திலையிருந்து இழுத்திருக்கு" என்றார். "காத்தாடியை நான்தானே பிள்ளை பூட்டினனான்."

புஸ்பவதி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "விடுங்கோ. வேணுமெண்டோ பூட்டினனீங்கள்?" என்றார்.

வில்மெஸ் இதொன்றும் விளங்காமல், புகைக்கூட்டுக்குள் தலையை விட்டு விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. இவ்வளவு சுத்தமாக இந்தக் குழாயை இறக்கியது யார் என்று கேட்டார். அதைக் கழற்றவேண்டாம், வாயை மட்டும் மாற்றினால் போதும் என்றார். அடுப்புக்கு மேலே இருக்கும் வாய் தரைக்குக் கீழே போகவேண்டும். அங்கே ஒரு குழி தோண்டிக் கல் நிரப்பி, சின்னக் காற்றாடியொன்றை இரவு பகலாக ஓடவிட்டால், வாயு வீட்டுக்குள் ஏற முன்னரே கூரைக்குப் போய்விடும். தோண்டுவதையும் சீமெந்து போடுவதையும் நீங்களே செய்தால் இரண்டாயிரத்து அறுநூறுக்குள் முடியும். நிலவறையில் மட்டும் இனிமேல் காற்றை உறிஞ்சும் எதையும் பூட்டக்கூடாது. அடுப்பு மேலே போகவேண்டும்.

இரண்டு கிழமை இராசலிங்கம் தனியே தோண்டினார். உதவிக்கு ஆள் பிடிக்கட்டுமா என்று சஜிதா கேட்டதற்கு, "இதை நான்தான் தோண்டவேணும்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். வெங்காய மூலைக்குச் சீமெந்து போட்டு, குழாய் நுழையும் ஒவ்வொரு துவாரத்தையும் அடைத்தார். இடையில் புஸ்பவதியை நுரையீரல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். நெஞ்சு எக்ஸ்ரே படம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஒரு படம் ஆயுளுக்கும் உத்தரவாதமில்லை, இனி அந்தக் காற்றைச் சுவாசிக்கவேண்டாம் என்றார் வைத்தியர். அங்கிருந்து பஸ் தரிப்பு வரைக்கும் மனைவியின் கைப்பையை இராசலிங்கமே தூக்கிக்கொண்டு நடந்தார்.

மூன்று மாதம் கழித்து வந்த புதிய அளவு தொண்ணூறு. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஹம் நகரத்து ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினார்.

"ஆற்றை பேருக்கு?" என்றார் ஐயர்.

"வில்மெஸ்."

"நட்சத்திரம்?"

"அது தெரியாது ஐயா. நல்ல மனிசன்."

"அப்ப அம்மன்ரை பேருக்கே செய்வமே?"

"இல்லை ஐயா. அம்மன் விளங்கிக்கொள்ளுவா. வில்மெஸ் எண்டே சொல்லுங்கோ."

வெளிவீதியில் கண்டவர்களையெல்லாம் மறித்து, "உங்கடை நிலவறைக் கெல்லரிலை றாடோன் எவ்வளவு? என்ரை வீட்டிலை ஆயிரத்து நூற்றுநாப்பது! ஜேர்மனியிலை ஒரு தமிழன் வீட்டிலையும் இவ்வளவு வந்திராது" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்த மூச்சிலேயே, "நாப்பது யூரோதான். மனிசியைக் கீழை விட்டிருக்கிறியளெண்டால் நாளைக்கே அளவுங்கோ" என்றார். அன்றைக்கு ஏழு பேர் சஜிதாவின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

எல்லாம் சரி. புஸ்பவதிதான் நிலவறை அடுப்பை விட்டு மேலே வர மறுத்தார்.

"மேலை சமைச்சால் ஃபிறாவ் கெம்பருக்கு மணக்கும். திரும்பவும் கடிதம் வரும். இந்த வயசிலை இனிப் பெட்டி கட்ட என்னாலை ஏலாது."

"இது எங்கடை சொந்த வீடு, புஸ்பம்."

"அப்பவும் நாங்கள் வாடகை ஒழுங்காத்தானே குடுத்தனாங்கள்?"

இராசலிங்கம் கீழே இறங்கினார். அடுப்பைத் தோளில் வைத்து மேலே ஏற்றினார். புஸ்பவதி அதில் மூன்று நாள் புட்டு அவித்தார், உருளைக்கிழங்கு அவித்தார். வறுக்கத் தாச்சி வைக்கவே இல்லை. மிளகாய்த்தூளும் முடிந்துபோயிருந்தது. நாலாம் நாள் காலை இராசலிங்கம் தானே தாச்சியை ஏற்றி மிளகாயைக் கொட்டினார். கொட்டிவிட்டு, கெம்பர் வீட்டைப் பார்த்த யன்னலை அகலத் திறந்தார்.

மிளகாய் கருகத் தொடங்கியது. புஸ்பவதி ஓடிவந்து யன்னலைச் சாத்தினார். இராசலிங்கம் திறந்தார். "ஐயோ, அந்த மனிசி தோட்டத்திலை நிக்கிறா!" என்று மறுபடி சாத்தினார். அவர் மறுபடி திறந்தார்.

மூன்றாம் தரம் புஸ்பவதியின் கை யன்னலுக்குப் போனபோது, இராசலிங்கம் மேசை லாச்சியைத் திறந்து திருப்புளியை எடுத்தார். யன்னல் கைப்பிடியின் மூடியைத் திருகி, கீழே இருந்த இரண்டு திருகாணிகளையும் ஆறுதலாகக் கழற்றினார். கைப்பிடியை உருவி, இனி யன்னலை ஒருவரும் இறுக்கிச் சாத்த முடியாதபடி காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அகப்பையை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார்.